முழு முகவரி

கிரிப்டோப் பணத்தின் முகவரி என்றதும் வீட்டு இலக்கத்தையும் வீதிப் பெயரையும் நினைத்துவிட வேண்டாம். விசைப்பலகையின் மேல் பூனை நடந்து போனால் என்ன விழுமோ, அதுதான் இது. நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்துகளும் இலக்கங்களும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பணம் ஆள்மாறிப் போனால் போனதுதான். முறையிட வங்கியும் இல்லை, மேசையில் தட்டிக் கேட்க மேலாளரும் இல்லை.

ஆகவே, பாட்டிமார் காசு வைக்கும் ஓலைப்பெட்டியின் பெயரான 'கொட்டப்பெட்டி' என்ற செயலியில் பணம் அனுப்பும்போது, அந்த முகவரி முழுவதும் பெரிய எழுத்தில் வரும். திரையைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தால்தான் அனுப்பும் பொத்தான் வேலை செய்யும். எறோல் பிடிவாதமாக வைத்த திரை அது. அவனும் டினுஷாவும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளிலிருந்து சேர்ந்து எழுதிவரும் செயலி. இருவருக்கும் ஒரு விதி இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துச் 'சரி' போடாமல் ஒரு வரிகூட வெளியே போகாது.

விதி என்னவோ கறார்தான். ஆனால் டினுஷா அனுப்பினால் எறோல் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் 'சரி' போட்டுவிடுவான். "நீ எழுதினத நான் எதுக்கு டினு பாக்கிற?" என்பான். அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த முழு முகவரித் திரைதான் அவளுக்குக் கண்ணில் விழுந்த தூசி. பாவிப்பவர்கள் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார்கள். தலையில் நாலு எழுத்து, வாலில் நாலு எழுத்து, நடுவில் மூன்று புள்ளி. மற்றச் செயலிகள் பலவும் அப்படித்தான் காட்டின, பார்க்கவும் அழகாக இருந்தது. அவனிடம் கேட்டாள். எறோல் ஒரேயடியாக மறுத்துவிட்டான்.

"ஆள்ர முகத்த மறைச்சிப்போட்டு காதையும் நாடியையும் மட்டும் காட்டினா, ஆரெண்டு சொல்லுவியா?"

சொன்னது நியாயம் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் யாருடைய சொல் எடுபடுகிறது என்ற வீம்பு ஒன்று இருக்கிறதே, அது நியாயத்தைக் கேட்டுக்கொண்டா இருக்கும்?

ஆவணியில் எறோலின் தங்கை சாஷாவுக்குக் கல்யாணம். பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் வயலின் தொடங்கிவிட்டால், கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குள் கால் வைத்தவரைக் கயிறு கட்டி இழுத்தாலும் வெளியே எடுக்க முடியாது. எறோல் சட்டை நனைய ஆடிக்கொண்டிருந்தான். டினுஷா ஓரத்துக் கதிரையில் இருந்தபடி, முன்பே எழுதி வைத்திருந்த மாற்றத்தைக் கைபேசியிலிருந்து அனுப்பினாள். அதில் மேலே பொத்தான் நிறங்கள், முகவரியைச் சுருக்கும் வரிகள் அடியில். தலைப்பு 'பொத்தான் நிறம், சிறு திருத்தங்கள்'. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே அவன் கைபேசியைப் பார்த்தான். 'சரி' விழுந்தது. கூட்டத்துக்கு மேலாகக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான். அவளும் சிரித்தாள். காலம் முழுக்க நினைத்து நினைத்து வெட்கப்பட வேண்டிய சிரிப்பு அது.

பிறகு அவன் கேட்டால் சமாளிக்கலாம் என்றிருந்தாள். அவன் கேட்கவில்லை. அவள்மேல் சந்தேகப்படும் பழக்கம் அவனுக்கு இல்லை.

காத்தான்குடி றுமைஸா வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரருக்குப் படம் வரைந்து கொடுப்பவள், இருவருக்கும் சிநேகிதி. கூலி கிரிப்டோவாக வரும். கட்டாரிலிருக்கும் தம்பி றிப்ஷானுக்கு அதை அனுப்புவாள், அவன் காசாக்கிக் கொடுப்பான். வீட்டுக்குக் கூரை போடவென்று சேர்த்து வைத்திருந்தாள். எங்கோ இருந்த ஒரு கள்ளன், தம்பியின் முகவரியைப் போலவே தலையும் வாலும் உள்ள ஒன்றை உண்டாக்கினான். அதிலிருந்து அவளுக்கு ஒரு துளிப் பணம் அனுப்பி, அவளுடைய பழைய வரவுசெலவுகளுக்கு நடுவே அந்த முகவரியை உட்காரவைத்தான். திரையில் தலையும் வாலும் மட்டும் தெரிய, றுமைஸா தம்பியென்று நம்பி அதைத் தொட்டு, இருந்த எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள்.

"டினு, தம்பிக்கு இன்னும் வரல்லியாம்கா. கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று தொலைபேசியில் கேட்டாள். அந்தக் குரலில் நம்பிக்கை மிச்சமிருந்தது. டினுஷாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே பழைய திரையைத் திரும்ப எழுதி முடித்தாள். ஆனால் அதற்குள் எறோல் விசயம் கேள்விப்பட்டுக் காத்தான்குடிக்குப் போய், பார்க்காமல் 'சரி' போட்டது தான்தான், பிழை தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். வந்த கையோடு செயலியை எழுதுவோர் பட்டியலிலிருந்து தன் பெயரையும் எடுத்துவிட்டான்.

"பாவம்கா எறோல், வாசல்ல நிண்டு அழுதிட்டார்" என்றாள் றுமைஸா, மறுபடி தொலைபேசியில். "நல்லகாலம் டினு, அது நீ இல்ல. நீயா இரிந்தா எனக்குத் தாங்கேலாது."

டினுஷா "ம்" என்றாள். அந்த ஒற்றை "ம்" அவளை உட்கார விடவில்லை, சாப்பிட விடவில்லை. எழுதி வைத்த திருத்தமோ இன்னொருவரின் 'சரி'க்காக அப்படியே கிடந்தது. போட ஆளில்லை. அது வெளியே போகும்வரை எல்லாருடைய கைபேசியிலும் காதும் நாடியும்தான் தெரியும். இன்னொரு றுமைஸா இன்னொரு கள்ளனுக்கு அனுப்புவாள்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டி எறோல் வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பாட்டு மேசையில் சும்மா இருந்தான்.

"எறோலண்ணா, அண்டைக்கு நீங்க ஆடுற நேரம் பாத்துத்தான் அனுப்பினன். தலைப்பையும் வேணுமெண்டே அப்பிடி எழுதின நான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"றுமைஸாட்ட போக முன்னம் எல்லாத்தையும் வாசிச்சன்."

"பிறகு ஏன் உங்கட தலையில போட்டீங்க?"

"பாக்காம விட்டது என்ர பிழை. அத நான் சொன்னன். உன்ர பிழைய நான் எப்பிடிச் சொல்லுற?"

அவன் கோபப்பட்டிருந்தால் அவள் பதிலுக்கு அழுதாவது இருப்பாள். அவன் கோபப்படவில்லை.

"இங்க இரிந்து றுமைஸாட்டத்தான் போறன், சொல்லத்தான்" என்றாள். "இத மட்டும் பாத்து விடுங்கண்ணா. ஆக்கள் இன்னும் அனுப்பிக்கிட்டு இரிக்காங்க."

எறோல் மடிக்கணினியை இழுத்தான். தன் பெயரைத் திரும்பச் சேர்த்தான். 'முழு முகவரியையும் மீண்டும் காட்டல்' என்ற தலைப்பைப் பார்த்ததும் விரல் பொத்தானுக்குப் போகும் என்று அவள் நினைத்தாள், பழக்கம் அப்படி. அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

முதல் வரியிலிருந்து வாசித்தான்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டான். சொன்னாள். "இது?" சொன்னாள். குரலில் குத்தல் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியதைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டான். இத்தனை வருடத்தில் அவள் எழுதியதை அவன் அவள் முன்னால் வாசிப்பது இதுதான் முதல் தடவை. இப்படி வாசிப்பதுதான் முறை. அந்த முறையைப் பக்கத்தில் இருந்து பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

கடைசி வரி வந்தது. எறோல் பொத்தானைத் தொடவில்லை. திரையை மேலே தள்ளி, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினான்.