நெற்றியில் ஊதாத மாலை

அந்திநேர மக்ரிப் தொழுகையை நடத்த, பாங்கு சொல்லும் மோதினாரை முன்னே அனுப்பிவிட்டு, அசன்கண்ணு ஆலிம் கடைசி ஜன்னலருகே தனியாக நின்று தொழுதார். தொண்டை சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போனில் பேசியது அவருக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். சளியில் டிபி கிருமி. மருந்தில் குணமாகிவிடும், அதுவரை குழந்தைகள் பக்கம் போகக்கூடாது.

பள்ளிவாசல் முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆலிம் ஓதி நெற்றியில் ஊதினால் பிள்ளை அடங்கி உறங்கும் என்பது நம்பிக்கை. இருமல் தொடங்கிய பிறகும் அவர் ஒருநாள்கூட ஊதாமல் இருந்ததில்லை.

பின்வாசல் வழியாகப் போய்விடலாம். செருப்பு முன்வாசலில் கிடந்தது. வெறுங்காலோடு இரண்டடி வைத்தவர் நின்றார். பிறகு முன்வாசலுக்கே வந்தார்.

"உஸ்தாதே, பிள்ளைக்கு ஒரே இருமலு. ஒறக்கமே இல்ல. ஒண்ணு ஊதித் தாங்க" என்றாள் அஜிதா. அவள் மகள் பல மாலைகள் அவரிடம் வந்தவள்.

ஆலிம் தோள்துண்டால் வாயைப் பொத்தினார்.

"இன்னைக்கு வேண்டாம் மக்களே."

"ஊதுகதுக்கும் லீவு உண்டுமா உஸ்தாதே?" பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் சிரித்தாள்.

அஜிதா சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் இதே ஊர் இசக்கியின் மகனுக்கு ஆலிம் ஊதவில்லை; ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடச் சொன்னார். அந்தப் பிள்ளை திரும்பவில்லை.

"இசக்கிக்கிட்ட சொன்னமாதிரி சொல்லுதியளா? எம் பிள்ள பிழைக்காதா?"

பேசாமல் இருந்தால் இவள் இன்றே பாதி செத்துவிடுவாள். பேசினால், இத்தனை காலம் ஓதிய வாயைப் பார்த்து ஊரே ஒதுங்கும். ஊதிய ஒவ்வொரு நெற்றிக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

"பிள்ளைக்கில்ல. எனக்குத்தான் சீக்கு. டிபி. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

செல்லத்தாயின் சிரிப்பு நின்றது. பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி முந்தானையால் தன் பிள்ளையின் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிள்ளை வலியில் அழுதது.

அஜிதா மட்டும் அசையவில்லை. "அப்போ இவளுக்கு இருமலு?"

"தெரியல மக்களே." வாயிலிருந்து துண்டை எடுக்காமலே சொன்னார். "காலைல எல்லாப் பிள்ளைகளையும் நெய்யூருக்குக் கொண்டுவாங்க. நான் தள்ளி நிக்கேன். யாருக்கெல்லாம் ஊதினேன்னு டாக்டர்ட்ட நானே சொல்லுதேன்."

அஜிதாவின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு எதுவும் புரியவில்லை. வழக்கம்போல் கண்ணை மூடி, அவரை நோக்கி நெற்றியை நீட்டியது.

ஆலிம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.