கையை விட்டது யார்?

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களை ஆராய அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு தனிப்பிரிவு உண்டு. அங்கே பாடம் நடத்தும் அவளுக்குப் பட்டப்பெயர் 'வெறிநாய் டாக்டர்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். மேடையேறினால், வெறிநாய்க்கடியால் வரும் வெறிநோயைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

கருத்தரங்குக்காகப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். ஊர் வீட்டில் அவனும் அம்மாவும், கறவைக்கு ஒரு மாடும்தான்.

"அக்கா, மாடு வாயைத் திறந்தபடியே நிக்குது. எச்சில் ஒழுகுது. தீனியே இறங்கல."

"மாங்கொட்டை கிட்டை சிக்கியிருக்கும். கையை விட்டுப் பாருடா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெறிநோய் கண்ட மாடு தொண்டை அடைத்ததுபோலத்தான் நிற்கும். அதன் வாய்க்குள் வெறுங்கையை விடவே கூடாது; எச்சிலில் இருக்கும் கிருமி சின்னக் கீறல் வழியாகக்கூட உடம்பில் ஏறிவிடும். முதலாண்டு மாணவர்களுக்குத் தலையில் குட்டாத குறையாக அவளே நடத்தும் பாடம் அது. நம் வீட்டு மாடு என்றதும் பாடம் மறந்துபோயிற்று.

மாடு செத்தது. உள்ளூர்க் கால்நடை மருத்துவர் சந்தேகப்பட்டு அனுப்பிய மூளைத் துண்டு அவளுடைய ஆய்வகத்துக்கே வந்தது. நுண்ணோக்கியில், வெறிநோய்க்கு அடையாளமாகப் பச்சைப் பசேலென்று மின்னிய புள்ளிகளைப் பார்த்தாள். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

"கையை விட்டது யாரு?"

"நான்தான். நீதானே விடச் சொன்ன?" என்றான் தம்பி.

"அம்மா, நீ விட்டியா?"

"நான் எதுக்குடி பாப்பா மாட்டு வாயில கையை விடறேன்?" என்று அம்மா சிரித்தாள்.

தம்பியைத் தரதரவென்று இழுத்துப்போய் ஊசி போட வைத்தாள். பிறகு தினமும் வீடியோவில் கூப்பிட்டு, தண்ணீர் குடித்துக் காட்டச் சொன்னாள். இந்த நோய் கண்டவர்களால் தண்ணீரை விழுங்க முடியாது; அந்தக் கட்டம் வந்துவிட்டால் எந்த ஊசியும் பலிக்காது. ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பாழும் மனசு கேட்கவில்லை.

"நல்லா பாத்துக்கோ, வெறிநாய் டாக்டரே," என்று அவன் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டுக் குரைத்துக் காட்டுவான். எருமை, கழுதை என்று இவள் திட்டுவாள். பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்கும்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

"அம்மா எங்கடா?"

"காய்ச்சல்னு படுத்திருக்கு. மாட்டுக்கு முடியாம போனப்போ காய் நறுக்கறதுல விரலை வெட்டிக்கிட்டிருந்துச்சு, ஆறின அந்த இடம் குறுகுறுங்குதாம். தண்ணி குடுத்தா தட்டிவிடுது."

"அம்மாதான் கையை விடலையேடா!"

"விடல. நான் விட்டப்போ மாட்டு நாக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டது அம்மாதான். நீ அதைக் கேக்கவே இல்லையேக்கா."

ஐயோ, ஊர் உலகத்துக்கெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவள், பெற்றவளிடம் சரியாக ஒரு கேள்வி கேட்கவில்லையே!

உள்ளேயிருந்து, அடைத்த தொண்டையோடு அம்மாவின் குரல் வந்தது.

"பாப்பாவாடா? அவளுக்கு ஆயிரம் வேலை கிடக்கும். தொந்தரவு பண்ணாம போனை வை."