பற்றாசு

யார் ஒட்டும் மோதிரத்தின் மூட்டு விட்டுப்போகிறதோ அவர் நாளை முதல் வர வேண்டாம் என்று வெள்ளிப் பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். தொழில் பழக வந்து ஒரு வாரமே ஆகியிருந்த ஓரகத்திகள் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

“பத்தாசு மேலயே நெருப்பக் காட்டுடி, சட்டுனு ஒட்டிக்கும்,” என்றாள் மூத்தவள்.

இளையவள் நம்பிச் செய்தாள். மூட்டை ஒட்ட வைத்திருந்த பற்றாசுத் துணுக்கு உருகி, உருண்டு திரண்டு கீழே விழுந்தது. வெள்ளி சூடேறவே இல்லை.

“உன் கைக்கு அடுப்படிதான் லாயக்கு,” என்றாள் மூத்தவள்.

மூத்தவள் தன் மோதிரத்தை வளையம் முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சூடாக்குவதை இளையவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்படியே செய்தாள்.

பட்டறைக்காரர் இருவரின் மோதிரங்களையும் இழுத்துப் பார்த்தார். இரண்டுமே விடவில்லை.

“நாளைக்கு வேற இடம் பாத்து உக்காரு,” என்று சீறினாள் மூத்தவள்.

“இங்கதான்க்கா உக்காருவேன். நீங்க சொல்றதக் கேக்க இல்ல, செய்றதப் பாக்க.”