பிள்ளை இந்தப் பக்கமே உட்காரட்டும்

அண்ணன் கொடுத்த காரில் எட்டு மாதமாக ஒரு சத்தம். ஓட்டுகிறவளின் காதுக்குப் பின்னால், கதவோரமாகக் கூரை வரை ஏறும் தூணிலிருந்து, குளிரில் பல் தந்தியடிப்பது போல வரும். வழவழப்பான சாலையில் வாயை மூடிக்கொள்ளும். மேடுபள்ளம் வந்தால் ஆரம்பித்துவிடும்.

"பாட்டுப் பாடுற வண்டியாப் பார்த்துக் கொடுத்திருக்காரு உங்கண்ணன்," என்பான் கணவன். அவள் முகம் மாறியதும், "சரி விடு, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது," என்று அவனே முடித்தும் வைப்பான். அந்த முடிவுரைதான் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவன் அண்ணன். அவன் பேரில் ஒரு சொல் விழுந்தால் தன் தலையில் விழுந்ததாகவே எடுத்துக்கொள்வாள். அதனால் சத்தத்தை அவளே சமாளித்துப் பார்த்தாள். இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகினாள். ஓட்டிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தூணை அழுத்திப் பிடித்தாள். அண்ணனிடம் ஒருமுறை பட்டும் படாமலும் சொன்னபோது, "ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வை," என்றான். இன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் கணவனுக்குக் கேலி பேச ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது.

பட்டறையில் எல்லோரும் அந்த மனிதரைக் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டிக்குள் எழும் சத்தங்களைக் கண்டுபிடிப்பது மட்டுமே அவர் வேலை.

"வண்டி சத்தம் போட்டா நான் பார்க்கிறேம்மா. வீட்டுக்காரர் சத்தம் போட்டா அதுக்கு நான் பொறுப்பில்லை."

"அவரு சத்தம் போடுறதே இந்தச் சத்தத்தாலதான்," என்றாள்.

"அப்போ ஒரே வேலையில ரெண்டும் தீரும்."

அவளை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பட்டறைக்குப் பின்புறம் கல் பெயர்ந்த பாதை. சத்தம் வந்ததும் உள்ளங்கையால் தூணை ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே மேலே போனார். கூரையோரம் ஓரிடத்தில் கை பட்டதும் சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது.

"தூணோட உறையைப் பிடிச்சிருக்கிற கிளிப் உடைஞ்சிருக்கு. கழட்டிட்டு வேற போட்டு, நடுவுல துணிப்பட்டை ஒட்டினா தீர்ந்துது. அரை மணி நேரம்."

அவளுக்கு மனசு லேசானது. வெறும் கிளிப். உடனே கணவனுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அருகில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

காது தட்டையான பிளாஸ்டிக் நெம்பியை இடுக்கில் கொடுத்தார். முதலில் அவள் செருகிய காகிதங்கள் உதிர்ந்தன. சிரித்தார். பிறகு உறை கையோடு வந்தது. அவர் சிரிப்பு நின்றுபோனது. கூரைத் துணியின் ஓரத்தை இறக்கி, உள்ளே விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வண்டி எங்கேயாவது இடிச்சுதாம்மா?"

"இல்லையே. எங்கண்ணன் ஓட்டின வண்டி. ஒரு கீறல்கூட விழாத வண்டின்னு சொல்லித்தான் கொடுத்தாரு."

"இங்க வந்து பாருங்க."

கூரையோரத்தில் கிழிந்த நுரைத்துண்டுகள் அடைத்திருந்தன. உறையின் உட்புறத்தில் காய்ந்த பசை மஞ்சளாகக் கட்டிப்போயிருந்தது.

"பக்கவாட்டுல இடி வாங்கினா, இந்த இடத்துல இருந்து ஏர்பேக் திரை மாதிரி இறங்கித் தலையைக் காப்பாத்தணும். அது ஒருதரம் வெடிச்சு, அறுத்து எடுத்திருக்காங்க. புதுசு வைக்கலை. நுரையை அடைச்சு, உடைஞ்ச உறையைப் பசை போட்டு ஒட்டிட்டாங்க. முன்னால எச்சரிக்கை விளக்கு எரியாம இருக்கவும் ஒயர்ல ஏதோ பண்ணியிருக்காங்க. அந்தப் பசை விட்டுப்போனதுதான் உங்க சத்தம்."

அவள் கை தானாக மேலே போய் நுரையைத் தொட்டது. இத்தனை மாதமும் இதே இடத்தைத்தான் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அண்ணனையே யாராவது ஏமாற்றியிருப்பார்கள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். முழுகுகிறவள் கிடைத்ததைப் பிடிப்பது போல அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம்?" என்றாள்.

காது எதிர்ப்புறத்தையும் இறக்கிப் பார்த்தார். "இது நல்லா இருக்கும்மா. கம்பெனி போட்டது அப்படியே இருக்கு. பிள்ளையோட சீட்டு இந்தப் பக்கம்தானே இருக்கு. அந்த மட்டும் பிழைச்சீங்க."

பிள்ளையின் சீட்டு. அதை மாட்டியது அவளில்லை. வண்டியைக் கொடுத்த அன்று அண்ணனே முட்டிபோட்டு, பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்து மாட்டினான். "பிள்ளை இந்தப் பக்கமே உட்காரட்டும். மாத்திடாதே," என்று மூன்று முறை சொன்னான். திரும்பினால் குழந்தை முகம் தெரியட்டும் என்று மாமனுக்கு எவ்வளவு கரிசனம் என நினைத்து அன்று அவளுக்குக் கண் கலங்கியது. அந்தக் கரிசனம் பொய்யில்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

கைபேசியை எடுத்தாள்.

"அண்ணா, பிள்ளை சீட்டை ஏன் அந்தப் பக்கம் மாட்டினே?"

"என்ன திடீர்னு?"

"சொல்லு."

"எங்க இருக்கே?"

"பட்டறையில. கூரையைக் கழட்டியாச்சு."

அந்த முனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு மூடிக்கொண்டது. அண்ணி பக்கத்தில் இருந்திருப்பாள்.

"புது ஏர்பேக் வச்சிடணும்னுதான் இருந்தேன்," என்றான். "நாள் தள்ளிப்போச்சு. அப்புறம்... நீ எப்பவும் மெதுவாத்தானே ஓட்டுவே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. மாடிப்படி முடிந்த பிறகும் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தது போலிருந்தது. அண்ணன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். குழந்தையை இந்தப் பக்கம் வைத்தான், தங்கையை அந்தப் பக்கம் வைத்தான். அவள் மெதுவாக ஓட்டுவாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தான். பார்த்த பிறகு சாவியைக் கொடுத்தான்.

"மத்தவங்க வேகமா வருவாங்களேண்ணா," என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் கைபேசியை வைத்துவிட்டாள்.

காது எதையும் கேட்காதவர் போலக் கிளிப்புகளைத் தட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். "துணிப்பட்டை வச்சு மூடிடவாம்மா? சத்தம் வராது."

"வேண்டாம். தொடாம அப்படியே விடுங்க. கொடுத்தவர் வந்து பார்க்கட்டும்."

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டணும்னீங்களே, எப்படிப் போவீங்க?"

"நடந்து."

பின்சீட்டுக்குள் குனிந்து பட்டையைத் தளர்த்தினாள். அண்ணன் அவ்வளவு இறுக்கமாக மாட்டியிருந்தான். விரல் நகம் ஒன்று மடங்கிப்போனது. குழந்தை சீட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வோர் அடிக்கும் அதன் கொக்கி பிளாஸ்டிக்கில் மோதி டக் டக்கென்றது. அவள் அதைக் கைவைத்து அடக்கவில்லை.