மணல்திட்டு இருந்த இடம்

தறி செய்கிற தச்சர் ஜான் பாஷாவிடம் படகு கேட்டு வந்தவர் இதுவரை ஒருவர்தான், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை பெரியநாயகி. அந்தக் காலத்தில் பாலாற்று வழியே காஞ்சிபுரத்திலிருந்து கடல் வரை படகு போனதென்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"தண்ணி வர்ற வருசம் நாமளும் போய்ப் பாத்துடுவோம் பாய்."

பாஷா சிரித்தார். ஆனாலும் வேலையில் இறங்கிவிட்டார். பலகைகளை ஆவியில் வளைத்து, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

கார்த்திகையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. வேகம் அடங்கிய ஐந்தாம் நாள் காலை செவிலிமேட்டில் படகை இறக்கினார்கள். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பாஷாவுக்குத் தலைகால் புரியவில்லை.

நண்பகலில் டீச்சர் பழைய வரைபடத்தை விரித்தார். "கிட்டத்துல ஒரு மணல்திட்டு இருக்குது. படகுக்காரங்க அங்கதான் எறங்கிச் சமைப்பாங்களாம்."

"அதுக்கு மேப்பு எதுக்கு டீச்சரம்மா? சின்ன வயசுல அங்கதானே பட்டம் வுட்டுக்கினு இருந்தோம். எவ்ளோ வெள்ளம் வந்தாலும் முட்டிக்கு மேல தண்ணி நிக்காது."

படகை நிறுத்தப் பாஷா மூங்கில் கழியை ஊன்றினார். கழி நிற்கவில்லை. பதினைந்தடி மூங்கிலும் உள்ளே போயிற்று, அதன் பின்னால் அவரும் போனார்.

நீருக்குள் கால்கள் தரையைத் தேடின. தரையே இல்லை. மேலே வந்தபோது படகு சுழன்றுகொண்டிருந்தது. டீச்சர் வீசிய கயிறு இரண்டாம் முறைதான் கைக்குச் சிக்கியது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து டீச்சர் படகிலிருந்து எறிந்த இன்னொரு கயிற்றைப் பிடித்துப் படகோடு அவரையும் கரைக்கு இழுத்தாள். பெயர் அலமு. "இங்க ஏன்பா வந்தீங்க? மண்ணு அள்ளி அள்ளி மூணு ஆள் ஆழத்துக்குத் தோண்டி வெச்சிருக்கானுங்க. என் தம்பி மவன் போன வருசம் இதுலதான் போனான். நல்லா நீச்சல் தெரிஞ்ச புள்ள."

பாஷாவின் பற்கள் கிடுகிடுத்தன. "மேடும்மா... இங்க பெரிய மேடு இருந்துச்சும்மா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டீச்சர் வரைபடத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று அலமு வீட்டில் தங்கினார்கள். திரும்பிவிடலாம் என்று டீச்சர் சொல்ல, பாஷா மறுத்தார். ஆனால் கடலைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மறுநாள் கயிற்றில் செங்கல் கட்டி ஆழம் பார்த்துக்கொண்டே கரையோரமாகப் போனார்கள். பள்ளம் தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் அதன் விளிம்பில் சிவப்புத் துணி கட்டிய கழியை நட்டார்கள். துணி அலமுவின் பழைய சேலை.

மூன்றாம் நாள் பழையசீவரம் ஊர்க் கரையில் கழிகள் தீர்ந்துபோயின. பதினேழு பள்ளங்கள். மனைவி ஷஹர்பானு போனில், "கடலு வந்துடுச்சாங்க?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் பாஷா. "இன்னும் கழி வெட்டணும்."