சௌந்தரம் சுருட்டிய சீட்டு

மூன்றாவது தடவை. இந்தத் தடவையும் வாய் திறக்காவிட்டால் வேலூர் டிரெயினிங் ஸ்கூல் கதவு சௌந்தரத்துக்கு அத்தோடு சாத்திக்கொள்ளும். மூன்று முறைக்கு மேல் யாரையும் பரீட்சைக்கு விடுவதில்லை. அப்புறம் என்ன, வாத்தியாரம்மா ஆவதை மறந்துவிட்டுப் பேரணாம்பட்டில் சாகும் மட்டும் பீடி சுருட்ட வேண்டியதுதான். பத்தொன்பது வயசுக்குள் எத்தனை லட்சம் சுருட்டித் தள்ளியிருப்பாளோ, அந்த மகராசிக்கே தெரியாது.

எழுத்துப் பரீட்சையில் அவள் எப்படியோ தேறிவிடுவாள். கவிழ்வதெல்லாம் வாய்ப் பரீட்சையில்தான். சின்ன வயசிலிருந்தே இதே கூத்து. வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால், எல்லாப் பிள்ளைகளையும்போல் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான், தலைக்குள் ஒன்றும் இருக்காது. எட்டு வருஷம் பிரம்படி. மரமண்டை என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த முறை புஸ்தகத்தைக் கையால் தொடக்கூட நேரமில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி முடித்தாக வேண்டும். அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுருட்ட, அக்கா அமிர்தவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தம்போட்டு வாசித்தாள்.

"இன்னா பிரயோஜனம்க்கா? நானே வேலையில கீறேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல உட்டுடுவேன்."

"உடு, பரவால்ல. வழியில எதனாச்சும் ஒட்டிக்கும்" என்றாள் அக்கா.

ஒட்டிக்கொண்டதாகச் சௌந்தரத்துக்குத் தோன்றவில்லை. அந்த நினைப்போடுதான், பெயரும் நம்பரும் எழுதிய பரீட்சைச் சீட்டைக் கையில் இடுக்கிக்கொண்டு, பரீட்சை அறைக்குள் போய்க் கைகட்டி நின்றாள்.

பரீட்சை நடத்துகிற ஞானாபரணம் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாலாறு எங்கே உற்பத்தியாகிறது?"

அட கடவுளே, பாலாறு! பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு! அது எங்கே பிறந்தது என்று ஒரு எழுத்து வரவில்லையே! அம்மாள் காத்திருந்தார், பெருமூச்சு விட்டார், பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து தொங்கியது. இனி மரியாதை என்ன வேண்டிக் கிடக்கிறது?

விரல்கள் தம்பாட்டுக்கு முந்தானையை நெருடின. திடீரென்று வாய் திறந்தது.

"மைசூர் சீமை, நந்தி துர்க்கம்மா. அங்கேந்து கோலார் பக்கமா வந்து நம்ம ஜில்லாவுக்குள்ள பூருது. மலட்டாறு, பொன்னையாறு, செய்யாறு எல்லாம் அதுல சேருது. சதுரங்கப்பட்டணத்தண்ட கடல்ல கலக்குது."

அம்மாள் நிமிர்ந்தார். சௌந்தரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேசியது யார்? தானா? அக்காவின் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது பாட்டுக்கு ஓட, இவள் வாயால் வெளியே வந்தது.

அடுத்த கேள்விக்கும் பதில் வந்தது. அதற்கடுத்ததற்கும். அம்மாளின் பார்வை மெல்லக் கீழே இறங்கி அவள் கையில் நின்றது.

"கையில் என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா."

"திற."

திறந்தாள். பகீரென்றது. உள்ளங்கையில் ஒரு காகிதச் சுருள் இருந்தது! பார்த்து எழுதக் கொண்டுவரும் துண்டுச் சீட்டு மாதிரியே இருந்தது. சத்தியமாக அவள் எதையும் கொண்டுவரவில்லை. பரீட்சையும் போய், மானமும் போய், போலீஸ்வரைக்கும் போகுமோ?

அம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனை நகத்தால் மடித்து அமுக்கியிருந்தது. நடுவே முந்தானையிலிருந்து உருவிய சிவப்பு நூல் கட்டியிருந்தது. புகையிலை ஒன்றுதான் பாக்கி. பிரித்தார். உள்ளே இருந்தது: சௌந்தரம், தகப்பனார் ராமலிங்கம், நம்பர் முப்பத்தொன்று.

"உன் சீட்டையேவா?"

"எனக்கே தெரிலம்மா... நான் பீடி சுத்தறவ. நான் சுத்திக்கினு இருக்கும்போதே அக்கா படிச்சிக் காமிக்கும்."

அம்மாள் நாற்காலியில் சாய்ந்தார். "கையைக் கட்டு. அக்பருக்குப் பின் யார்?"

கட்டினாள். ஒன்றும் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

அம்மாள் கசங்கிய சீட்டை நீட்டினார். "சுருட்டு."

விரல் நகர்ந்ததும், "ஜஹாங்கீர், ஷாஜஹான், அவுரங்கசீப்" என்று மூன்று பேரும் மூச்சு விடாமல் வந்தார்கள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மாளும் இருபது வருஷம் பிள்ளைகளைக் கை கட்டவைத்துப் பாடம் கேட்டவர்தான். 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும் சௌந்தரத்துக்கு. வரவில்லை. அந்த எட்டு வருஷத்து அடியும் எதற்கு? கையைக் கட்டிக்கொண்டதற்கா?

வெளியே வந்தாள். அடுத்து உள்ளே போகவேண்டிய பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கடைசியில் ஒருத்தி, பயந்த முகம், கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

சௌந்தரம் அவளிடம் போய், அந்த இரண்டு கையையும் பிடித்துப் பிரித்துவிட்டாள்.

"கட்டாதடி" என்றாள்.