பாரமான விரிப்பு

எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் இருந்த அந்தப் பழைய ஹோட்டலில் செனில் துணி விரிப்புகளை இனிக் கட்டில்களில் போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. புதிதாக வந்த முகாமையாளருக்கு எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் ஹோட்டலைப் பூட்டும் வாரம், விரிப்புகளையெல்லாம் உருவிக் கீழே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோகும்படி கலாவதிக்கும் சரணியாவுக்கும் சொன்னார்கள்.

கலாவதிக்கு இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நூல் குஞ்சங்கள் கொடியும் பூவுமாகத் தடித்து எழும்பி நிற்கும் அந்தப் பச்சை விரிப்புகளோடு அவள் பாதி ஆயுளை மல்லுக்கட்டியிருக்கிறாள். ஈரமானால் தூக்க முடியாது. ஒவ்வொரு சலவைக்கும் பஞ்சு உதிர்ந்து மெஷினை அடைக்கும். வலது தோள்மூட்டு தேய்ந்துபோனதில் பெரும் பங்கு அவற்றுக்குத்தான்.

"துலைஞ்சுது சனியன், அன்ரி," என்றாள் சரணியா. பேர்னில் பிறந்து வளர்ந்தவள். சீசன் வேலைக்கு வந்திருந்தாள்.

"ஓம் பிள்ளை. துலையட்டும்."

மேல்மாடியில், கடைசி அறையில் மட்டும் விரிப்பு றோஸ் நிறம். கலாவதி அதில் கையை வைத்தாள். உருவவில்லை. அப்படியே கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். விருந்தினர் கட்டிலில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

"என்ன அன்ரி, தோள் நோகுதோ?"

"நோகுதுதான். அதில்லை. இதே துணியிலை, இதே நிறத்திலை எனக்கொரு கோட் இருந்தது."

"செனிலிலை கோட்டோ?"

கலாவதி சொன்னாள். அவள் வந்திறங்கிய முதல் பனிக்காலம். கணவர் தம்பித்துரை இதே ஹோட்டலின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ விருந்தினர் விட்டுப்போன அங்கியொன்றை, உம்முடைய மனுசிக்குக் கொடும் என்று அவரிடம் கொடுத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வரும். இடுப்பில் கட்டப் பட்டியும் இருந்தது. புருசன், பெண்சாதி இரண்டு பேரும் அதைக் குளிருக்குப் போடும் கோட் என்றே நினைத்தார்கள். சேலைக்கு மேல் அதைப் போட்டுப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள். தபால் கந்தோருக்குப் போனாள். விசா விசயமாக ரயிலேறிப் பட்டணத்துக்கும் போய்வந்தாள்.

"ஐயோ அன்ரி, அது பாடமான்டல் எல்லோ! குளிச்சுப்போட்டு வீட்டுக்குள்ளை போடுறது!"

"இப்ப தெரியுது. அப்ப ஆர் சொன்னது? சனம் பாக்கும். என்ரை நிறத்தைத்தான் பாக்குதுகள் எண்டு நான் நினைச்சன்."

விழுந்து விழுந்து சிரித்த சரணியா, அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டாள்.

"பிறகு எப்பிடித் தெரிஞ்சுது?"

"ஸ்ரேசனிலை ஒரு மனுசி. தன்ரை கோட் பொத்தானைத் தொட்டுக் காட்டினா. பிறகு என்ரை பட்டியைத் தொட்டா. தலையிலை தண்ணி ஊத்திக் குளிக்கிற மாதிரிக் கையாலை செய்து காட்டினா. நல்ல மனுசி, சிரிக்கேல்லை. நான் வீட்டை வந்து அழுதன். இவர் சிரிச்சார். பிறகு இவரும் அழுதார்."

அதன்பின் அது வீட்டு உடுப்பாயிற்று. மகள் ரிஷானிக்குப் பால் கொடுத்ததும், காய்ச்சலில் சுருண்டு கிடந்ததும் அதற்குள்தான். அதன் முழங்கைகள் இற்றுப்போக, வீடு மாறிய நாளில் அதைக் கறுப்புப் பைக்குள் திணித்துக் கலாவதியே எறிந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் அதை நினைத்ததுமில்லை.

"இதை நான் கொண்டுபோறன்," என்றாள்.

சரணியா மடிக்க உதவினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஏறும் சரிவில் கலாவதி அதை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றி மாற்றிச் சுமந்தாள். இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

தம்பித்துரை கம்பளிச் சட்டையோடு சோபாவில் இருந்தார். சிறுநீரகம் பழுதான நாள்முதல் அவருக்குக் குளிர் விடுவதில்லை.

"உதென்ன மூட்டை?"

"ஹோட்டல் விரிப்பு. எறியச் சொல்லிப்போட்டினம்."

"நீர்தானே இவ்வளவு காலமும் உதைத் திட்டினனீர்?"

"இப்பவும் திட்டிக்கொண்டுதான் வாறன். தோள் கழண்டுபோச்சு."

அவர் ஒரு மூலையை இழுத்துக் குஞ்சங்களை விரலால் தடவினார். பஞ்சு கையில் ஒட்டியது.

"உம்மடை கோட்," என்றார்.

கலாவதி அதைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

கழுவ வேண்டும். அந்தக் கட்டடத்தில் கீழேயுள்ள சலவை அறையில் அவர்களுடைய முறை வெள்ளிக்கிழமைதான். ஊரார் படுத்தெழும்பிய துணியைக் கழுவாமல் அவள் வீட்டில் எடுத்ததில்லை. ஆனாலும் அதை உதறி, அவருடைய காலிலிருந்து நெஞ்சு வரைக்கும் மூடிவிட்டாள்.

"பாரமாயிருக்கோ? எடுக்கட்டோ?"

"பாரம்தான். இருக்கட்டும்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளும் சோபாவின் மறுகோடியில் இருந்தாள். விரிப்பின் நுனியைத் தன் கால்மேல் இழுத்துக்கொண்டாள். தேத்தண்ணி போடவில்லை, உலை வைக்கவில்லை.

"சோத்தை நான் வைக்கிறன், நீர் இரும்," என்றார் தம்பித்துரை.

சொன்னாரே தவிர எழும்பவில்லை. அவளும் எழும்பச் சொல்லவில்லை.